நிலத்தைக் காட்டும் புரோக்கர்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் யூடியூப் சேனல் தொடங்குவதன் உள்விவரம்

நில வியாபாரத்தில் புரோக்கரின் கைமுதல் தகவல்தான். எந்த நிலம் விலைக்கு வந்திருக்கிறது, அது யாருடையது, அவருக்குப் பணம் எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், வாங்க வந்தவருக்குத் தெரியாது. கமிஷன் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அதனால்தான் காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ உள்ள ஒரு பழைய கை, பார்ட்டியை நிலம் காட்டக் கூட்டிப்போகும்போது ஊர்க்காரர் யாரிடமும் நின்று பேச விடமாட்டார். சொந்தக்காரர் பக்கத்து வரப்பிலேயே நின்றிருந்தாலும் "அவரு வெளியூருங்க" என்பார். இருவரையும் பேச விட்டால் நடு ஆளைக் கழற்றிவிட்டு நேராகக் கிரயம் முடித்துக்கொள்வார்கள் என்ற பயம். அப்படிக் கழற்றிவிடப்பட்ட கதை இல்லாத புரோக்கர் இந்த வட்டாரத்தில் அபூர்வம்.

அப்படிப்பட்டவர் சேனல் தொடங்கினால், இதுநாள்வரை பொத்திவைத்ததை ஊருக்கே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். எந்த மைக் வாங்கலாம், எந்த போனில் எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் இந்த முரணைத் தொடுவதில்லை. மைக்கை ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். எதைக் காட்டுவது, எதை நிறுத்திவைப்பது என்று முடிவு செய்வதுதான் சேனலின் தலையெழுத்தை எழுதுகிறது. அந்த முடிவுக்கு மூன்று பேரை மனத்தில் வைத்தாக வேண்டும்: பார்ப்பவர், நிலத்துக்காரர், சட்டம்.

பார்ப்பவர் எங்கே இருக்கிறார்

முதலில் பார்ப்பவர். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து 1965-இல் பிரிந்தது, கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து 2004-இல் பிரிந்தது. மாவட்டத் தலைநகரங்கள் மாறினாலும் நிலத்தின் விலையைத் தீர்மானிக்கும் ஊர் இரண்டு மாவட்டத்துக்கும் வெளியே இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், காரிமங்கலம், தருமபுரி என்று தேசிய நெடுஞ்சாலை 44 இறங்கிவரும் வழியெல்லாம் அந்த நகரத்தின் பணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே வருகிறது. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டைக்கு வரும் 844-ஆம் எண் சாலையும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஓசூர் சிப்காட்டில் ஆரம்பித்த தொழிற்சாலை அலை, டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் என்று விரிந்தபோது, அங்கே வேலைக்கு வந்தவர்களும் வீட்டுமனை தேடத் தொடங்கினார்கள்.

சட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. கர்நாடகத்தில் விவசாயக் குடும்பத்தைச் சேராதவர் விவசாய நிலம் வாங்க நெடுங்காலம் தடை இருந்தது. வேறு வருமானம் ஓர் அளவைத் தாண்டியவர் வாங்கக் கூடாது என்ற வரம்பும் சேர்ந்து நின்றது. 2020-இல்தான் அந்த மாநிலம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி அதை நீக்கியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை கிடையாது, நில உச்சவரம்பு மட்டும்தான் உண்டு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு என்ற ஆசை துளிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, சேனலைப் பார்ப்பவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராக இருக்கமாட்டார். உள்ளூர்க்காரருக்கு நிலம் விலைக்கு வந்த சேதி டீக்கடையிலேயே கிடைத்துவிடும், வீடியோ வேண்டியதில்லை. அளவைச் சொல்லும் விதத்திலேயே இந்த வேறுபாடு தெரியும். தருமபுரியில் சென்ட் கணக்கு. ஓசூர்ப் பக்கம் வருகிற கர்நாடகக்காரர் குண்டா என்பார், ஒரு குண்டா 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை சென்ட். மனை தேடுபவருக்கு "முப்பதுக்கு நாப்பது சைட்" என்றால்தான் கண்முன் வரும். ஒரே நிலத்தை மூன்று அளவிலும் சொல்லிவிடுவது பத்து விநாடி வேலை. ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் ஏராளம், அவர்களில் ஒருவர் சேனல் நடத்தினால் ஒரே நிலத்துக்கு இரண்டு மொழியில் இரண்டு வீடியோ போடலாம். கேமராவைவிட அந்த நாக்குதான் அவருக்கு மூலதனம்.

பாதை, தண்ணீர், காகிதம்

தொலைவில் இருப்பவர் வீடியோவில் எதைத் தேடுகிறார்? பெரும்பாலான சேனல்கள் காட்டுவது வேலியையும் தென்னையையும் தூரத்து மலையையும். பின்னணியில் ஒரு புல்லாங்குழல். அவை நிலத்தின் அழகு. வாங்குபவரின் பயங்கள் வேறு. நிலத்துக்குள் வண்டி போகுமா, தண்ணீர் இருக்கிறதா, காகிதம் சுத்தமா என்ற மூன்றும்தான் அவரைத் தூங்கவிடாது.

பாதையை எடுத்துக்கொள்வோம். கார் நிலத்தருகே போய் நின்றுவிட்டது என்பதால் பாதை இருக்கிறது என்று ஆகிவிடாது. பக்கத்துக்காரர் நல்ல மனதால் விட்ட வழியாக இருக்கலாம், ஓடைப் புறம்போக்காக இருக்கலாம். பத்திரத்தில் வழிப் பாத்தியதை எழுதியிருக்கிறதா, புலப்படத்தில், அதாவது நிலத்தை அளந்து வரைந்த அரசு வரைபடத்தில், வண்டிப்பாதை வரைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. தார்ச்சாலை முனையில் கேமராவை ஓடவிட்டு, நிறுத்தாமல், வெட்டாமல் நிலத்து வாசல் வரைக்கும் போகிற ஒரே துண்டுப் படம், எந்த டிரோன் காட்சியைவிடவும் மதிப்பானது. சலிப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் நிலம் வாங்கப்போகிறவர் அந்த நான்கு நிமிடத்தை ஓட்டிவிட்டுத் தாண்டவே மாட்டார். தாண்டிப்போகிறவர் எப்படியும் வாங்கப்போவதில்லை.

தண்ணீர் இந்த இரண்டு மாவட்டத்திலும் தனி அத்தியாயம். மோட்டாரைப் போட்டுக் குழாயில் தண்ணீர் பீய்ச்சுவதைக் காட்டாத தோட்ட வீடியோ கிடையாது. அந்தக் காட்சி எந்த மாதத்தில் எடுத்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழியில் பீய்ச்சுகிற போர் சித்திரையில் என்ன செய்யும் என்பதுதான் விஷயம். எடுத்த தேதியைத் திரையில் போடுவதும், எத்தனை அடி போர், எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓடும் என்று நிலத்துக்காரர் வாயாலேயே சொல்லவைப்பதும் நேர்மையான வழி. இன்னொன்றும் உண்டு: இந்த வட்டார நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. பற்களில் பழுப்புக் கறை, முதுமையில் எலும்பு இறுக்கம் என்று அந்த நீர் செய்த வேலையைப் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மூத்தவர்களைக் கேட்டால் தெரியும். பண்ணை வீடு கட்டிக் குடியேற நினைப்பவருக்குப் போர்த் தண்ணீரின் ஆய்வக அறிக்கை ஒன்றைக் காட்டினால் போதும், அந்தச் சேனலை அவர் மறக்கமாட்டார். செலவும் பெரிதில்லை.

காட்டோரத் தோட்டங்களில் யானையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகள் 2014-இல் காவிரி வடக்கு வனவுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. "காட்டை ஒட்டிய அமைதியான இடம்" என்று வீடியோவில் சொல்லப்படும் நிலத்தில் இரவுக் காவலுக்குப் பரண் இருந்தால், கேமரா அந்தப் பரணையும் காட்டட்டும்.

படம் பிடிக்கும் நுணுக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. போனில் இருக்கும் அகல லென்ஸ் 1,200 சதுர அடி மனையைக் கல்யாண மண்டபம் மாதிரி காட்டும். பார்த்துவிட்டு நேரில் வருகிறவருக்கு முதல் ஏமாற்றம் அங்கேயே விழுகிறது, அதற்குப் பிறகு புரோக்கர் சொல்லும் எதையும் அவர் பாதிதான் நம்புவார். மனையின் நான்கு கல்லிலும் ஆள் நடந்து காட்டுவது பழைய வழி, நல்ல வழி. காலர் மைக் ஒன்று கட்டாயம். கிருஷ்ணகிரிக் கரடுகளில் வீசும் காற்றில் போனின் மைக் வெறும் இரைச்சலைத்தான் பதியும்.

இனி காகிதம். இதில்தான் பழைய பயம் திரும்ப எட்டிப்பார்க்கிறது. சர்வே எண்ணைச் சொல்லிவிட்டால் அரசின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் உடைமைப் பதிவேடு) பார்த்து உடைமையாளர் பெயரை யாரும் எடுத்துவிடலாம். அப்புறம் புரோக்கர் எதற்கு? சொல்லாமல் மறைத்தாலோ, எச்சரிக்கையான வாங்குபவர் "சர்வே நம்பர் தராதவனிடம் என்ன பேச்சு" என்று போய்விடுவார். எனக்குச் சரியாகப் படுவது இரண்டுக்கும் நடுவிலான ஒரு வழி. வீடியோவில் கிராமத்தின் பெயரும், புலப்படத்தில் எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டு நிலத்தின் வடிவமும் பாதையும் காட்டப்படலாம். போனில் பேசி, வருகிற நாள் முடிவானவருக்கு சர்வே எண்ணும் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திர நகலும் அனுப்பப்படலாம். கமிஷன் பேச்சு அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாக நடந்துவிட வேண்டும். ஆதார் எண், கைபேசி எண், குடும்பத்தாரின் பெயர்கள் உள்ள பக்கத்தை அப்படியே திரையில் காட்டுவது நிலத்துக்காரருக்குச் செய்யும் துரோகம். பத்திரத்தைப் படபடவென்று புரட்டிக் காட்டும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் படித்து நகல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு தொழில் மாற்றமும் ஒளிந்திருக்கிறது. தகவலை மறைத்துச் சம்பாதித்தவர், இனி தகவலைச் சரிபார்த்துச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்து, வாரிசுகள் எத்தனை பேர், பாகம் பிரிந்ததா, அரசு நிபந்தனையோடு தந்த கண்டிஷன் பட்டாவா என்று கேட்டு முடித்துவிட்டுத்தான் கேமராவை எடுக்கிறார் என்ற பேர் ஒருவருக்கு வந்துவிட்டால், அவரைக் கழற்றிவிட்டு நேரே போக வாங்குபவருக்கே தயக்கம் வரும்.

விலையைச் சொல்வதா, மறைப்பதா

"விலைக்கு கால் பண்ணுங்க" என்று முடியும் வீடியோக்களைப் பார்ப்பவர்கள் திட்டுகிறார்கள். அழைப்பை வாங்குவதற்கான தந்திரம் என்று நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி நிலத்துக்காரர். ஏக்கர் இருபது லட்சம் என்று புரோக்கரிடம் சொன்னவர், வீடியோ நாற்பதாயிரம் பேரைத் தொட்டதைப் பேரன் போனில் காட்டியதும் இருபத்தைந்து என்பார். அதோடு நின்றால் பரவாயில்லை, பக்கத்து நிலத்துக்காரரும் அதே வீடியோவைப் பார்த்துவிட்டுத் தன் நிலத்துக்கும் அந்த ரேட் என்று முடிவு கட்டுவார். கேட்கும் விலை வேறு, கிரயம் ஆகும் விலை வேறு என்பதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. ஒரு கிராமத்தில் பத்து வீடியோ வந்துவிட்டால் கேட்கும் விலைதான் ஊர் விலை ஆகிவிடும். வியாபாரம் நின்றுபோகும். சேனல்கள் பெருகிய இடங்களில் நிலம் விற்காமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இதற்கு மருந்து படப்பிடிப்புக்கு முன்னால் இருக்கிறது. நிலத்துக்காரரிடம் ஒரு பக்கத்துக் கடிதம்: படம் எடுக்கவும் வெளியிடவும் சம்மதம், கேட்கும் விலை, அந்த விலை எத்தனை மாதம் நிற்கும், விற்றால் கமிஷன் எவ்வளவு. வாய்வார்த்தையாகவே ஓடிவந்த தொழிலில் இந்தக் கடிதத்தை நீட்டினால் முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். அண்ணன் விற்கிறேன் என்று கேமரா முன் நின்றதை, துபாயில் இருக்கும் தம்பி யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொள்வது நடக்காத கதை இல்லை.

விலையைச் சொல்லும்போது பத்திரச் செலவையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இருபது லட்சம் மனைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் தனியாக எடுத்துவைக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பத்து லட்சம் வரையிலான சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். அந்த விலை வரம்புக்குள் இன்னும் மனை கிடைக்கிற அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துப் புரோக்கர்களுக்கு இந்தச் செய்தி ஒரு தனி வீடியோவுக்கே போதும்.

வீடியோவும் விளம்பரம்தான்

"நான் விளம்பரம் பண்ணலைங்க, சும்மா இடத்தைக் காட்டறேன்" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எல்லாரும் ரெரா என்று சொல்வது, விளம்பரம் என்பதற்குத் தரும் விளக்கம் எந்த ஊடகத்தையும் எந்த வடிவத்தையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமானது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதில் அடங்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது 12 சென்டுக்குச் சற்று கூடுதலான நிலத்தை மனையாகப் பிரித்து விற்கும் திட்டத்தை அந்தச் சட்டப்படி அமைந்த ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. பதிவு செய்தபின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். இவை மனைப்பிரிவு போடுபவரின் கடமை என்று புரோக்கர் தள்ளிவிட முடியாது. அப்படிப்பட்ட திட்டத்தில் மனை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் தானும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவாகாத திட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது, பொய்யான தகவல் சொல்லக் கூடாது. மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், அந்தச் சொத்து மதிப்பின் 5 சதவீதம் வரை ஏறும். முன்பு யார் என்ன சொல்லி விற்றார் என்பதற்குச் சாட்சி இருக்காது. வீடியோவில் தேதியோடு, குரலோடு, முகத்தோடு சாட்சி அப்படியே நிற்கிறது.

தனி ஒருவரின் விவசாய நிலம், பழைய வீடு, ஒற்றை மனை மறுவிற்பனை ஆகியவை இந்தப் பதிவுக்குள் வருவதில்லை. தருமபுரிப் பக்கம் புரோக்கர்கள் கையாள்வதில் பெரும்பங்கு அதுதான் என்பதால் பலருக்கும் ரெரா எட்டாத தூரத்துச் சங்கதியாகத் தெரிகிறது. ஆனால் நடப்பது என்னவென்றால், இரண்டு தோட்ட வீடியோ போட்டு ஓரளவு பார்வை வந்ததும் முதலில் போன் செய்பவர் லேஅவுட் போட்டவராக இருப்பார். "நம்ம சைட்டையும் ஒரு வீடியோ பண்ணிக் குடுங்க, இவ்வளவு தர்றேன்" என்பார். அந்த நிமிடத்தில் சேனல்காரர் ஏஜென்ட் ஆவதோடு காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவராகவும் ஆகிவிடுகிறார். யூடியூபில் கட்டண விளம்பரம் என்று குறிக்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பரிந்துரைப்பவர் மீதும் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம், மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் வரை. எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று ஓராண்டுத் தடையும் உண்டு.

அங்கீகாரமில்லாத மனைகளின் கதை இந்த மாவட்டங்களுக்குப் பழையது. பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பேரில் விற்ற மனைகள் நெடுஞ்சாலையோரம் எத்தனையோ கிடக்கின்றன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவை நிறுத்தியது. அடுத்த ஆண்டு அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குத்தான் அந்த வாய்ப்பு. அதற்குப் பிறகு பிரித்ததை "சீக்கிரம் அப்ரூவல் வந்துடும்" என்று கேமரா முன் சொல்பவர், தனக்கெதிரான ஆவணத்தைத் தானே தயாரித்து வெளியிடுகிறார். பஞ்சமி நிலம், கோயில் நிலம், பூமிதான நிலம் இவையும் அப்படியே. பட்டியல் சாதியினருக்கு வெள்ளையர் காலத்தில் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மற்றவருக்கு விற்கச் சட்டம் இடம் தராது. எவ்வளவு அழகான மாந்தோப்பாக இருந்தாலும் அதை வீடியோ எடுக்காமல் திரும்பி வருவதுதான் வேலை.

எதிர்காலத்தைச் சொல்லி விற்பது இன்னொரு குழி. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்ததும், "ஏர்போர்ட் பக்கத்தில்" என்ற தலைப்போடு வீடியோக்கள் ஓசூரிலிருந்து இராயக்கோட்டை தாண்டியும் முளைத்தன. பெங்களூரு விமான நிலையத்துடனான ஒப்பந்தத்தில், அது திறந்த 2008-லிருந்து 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டருக்குள் புது விமான நிலையத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதை அந்த வீடியோக்களில் எத்தனை சொல்லியிருக்கும்? அறிவிப்பு வந்தது என்பது செய்தி. "நாளைக்கு விலை மூணு மடங்கு" என்பது வாக்குறுதி. முதலாவதைத் தேதியோடு சொல்லலாம், இரண்டாவதைச் சொல்லக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் உண்டல்லவா, அவர்களுக்கு ஒரு விதி தனியாக இருக்கிறது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் வீடு, வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வளைகுடாவிலிருந்து "அந்த மூணு ஏக்கரை எனக்கே முடிச்சுக் குடுங்கண்ணா" என்று அழைப்பவரிடம் டோக்கன் முன்பணம் வாங்குவதற்கு முன் இதைச் சொல்லாவிட்டால், பத்திர அலுவலக வாசலில் பிரச்சினை வெடிக்கும்.

டிரோனைப் பற்றிச் சுருக்கமாக: 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். பறக்கும் இடம் தனி அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமானத்தளம் இருப்பதை வெளியூர் வீடியோகிராபர்கள் மறந்துவிடுகிறார்கள்.

யூடியூப் தரும் காசும் தராத காசும்

யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் ஆயிரம் சந்தாதாரர்களும், கடந்த பன்னிரண்டு மாதத்தில் நாலாயிரம் மணி நேரம் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால் நாலாயிரம் மணி நேரம் என்பது எண்பதாயிரம் பார்வை. அடைய முடியாததல்ல. ஆனால் அதைக் குறியாக வைத்தால் சேனல் வேறு திசையில் இழுத்துக்கொண்டு போகும். பார்வை அதிகம் வருவது கோடி ரூபாய் பங்களாச் சுற்றுலாவுக்கும், "ஏக்கர் மூணு லட்சம்தான்" என்ற தலைப்புக்கும். பார்ப்பவர்களில் வாங்கும் எண்ணம் உள்ளவர் யாரும் இருக்கமாட்டார். மாறாக "பாலக்கோடு அருகே இரண்டு ஏக்கர், கிணற்றோடு, பாதை உண்டு" என்று தேடி வரும் முந்நூறு பேரில் ஒருவர் வாங்கினால், ஐம்பது லட்சம் நிலத்துக்கு ஒரு சதவீதம் என்றாலும் ஐம்பதாயிரம். உள்ளூர் ஏஜென்டின் சேனலுக்கு அளவுகோல் பார்வை எண்ணிக்கையாக இருக்கத் தேவையில்லை. நேரில் நிலம் பார்க்க வந்த கார்களை எண்ணினால் போதும்.

இதனாலேயே தலைப்பில் ஊர்ப்பெயர், வட்டம், அளவு மூன்றும் வந்தாக வேண்டும். "சூப்பரான இடம், மிஸ் பண்ணாதீங்க" என்று யாரும் தேடுவதில்லை. விற்பனை வீடியோக்களுக்கு இடையில் விலை இல்லாத வீடியோக்களும் தேவை: கிருஷ்ணகிரி சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் எப்படி நடக்கிறது, தோப்புக்கு வேலி போட எவ்வளவு ஆகும், கூட்டுப் பட்டாவைப் பிரிப்பது எப்படி. விற்பனை வீடியோ நிலம் விற்றதோடு செத்துவிடும். இவை ஆண்டுக்கணக்கில் ஆள் கூட்டிவரும்.

ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம். ஆனால் அதன் விவரக்குறிப்பிலோ கருத்துகளிலோ இணைப்பைக் கொடுத்தால் அழுத்த முடியாது. போன் எண்ணைத் திரையிலேயே போட வேண்டும். அந்த எண் வீட்டு எண்ணாக இல்லாமல் தனி எண்ணாக இருக்கட்டும், இரவு பதினொரு மணிக்கும் "ரேட் என்ன" என்று கேட்பார்கள். எண்ணைப் படத்தின் நடுவில் மங்கலாகப் பதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீடியோவை இறக்கி, எண்ணை மட்டும் மாற்றித் தன் சேனலில் போட்டுக்கொள்ளும் சக புரோக்கர்கள் இருக்கிறார்கள். பதிப்புரிமைப் புகார்ப் படிவம் யூடியூபிலேயே இருக்கிறது, தயங்காமல் கொடுக்கலாம். அதே நியாயம் தனக்கும் பொருந்தும் என்பதால், பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டு உரிமையாளருக்குப் போவதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

வரவு பெருகினால் கணக்கும் வேண்டும். கமிஷனும் யூடியூப் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வந்துவிடும், கமிஷனுக்கு 18 சதவீதம்.

இரண்டு மூன்று வருடம் ஓடிய சேனலில் பெரும்பாலான வீடியோக்கள் விற்றுப்போன நிலங்களாகத்தான் இருக்கும். அவற்றை என்ன செய்வது என்பது ஆரம்பிக்கும்போது யாருக்கும் தோன்றாத கேள்வி. அழித்துவிட்டால் அது சேர்த்துவைத்த தேடல் வழி போய்விடும். அப்படியே விட்டால் பழைய விலையைப் பிடித்துக்கொண்டு அழைப்புகள் வரும். தலைப்பின் முதல் சொல்லாக "விற்றது" என்று சேர்த்து, விவரக்குறிப்பில் விலையை எடுத்துவிட்டு, அதே வட்டாரத்தில் இப்போது விலைக்கு இருக்கும் நிலத்தின் வீடியோவை முதல் கருத்தாகப் பொருத்திவைத்தால் இரண்டும் தீரும். ஒரு விதிவிலக்கு: வாங்கியவர் அங்கே வீடு கட்டிக் குடிவந்திருந்தால், வீடியோவில் வாசலும் வழியும் தெரிவதைப் பார்த்து யாரோ வந்து கேட் தட்டுவது அவருக்குத் தொல்லை. கிரயம் முடியும் அன்றே "வீடியோ இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா" என்று அவரைக் கேட்டு, அவர் சொன்னபடி செய்துவிட வேண்டும்.